உரியும் வரை காத்திருக்காதீங்க!

படகோட தேக்குக் கைப்பிடியில வார்னிஷ் உரிஞ்சு நிக்குது. அது மேலேயே இன்னொரு பூச்சு அடிச்சா பளபளன்னு ஆயிடும், உண்மைதான். ஆனா அது ரிப்பேர் இல்லைங்க, மூடி மறைக்கிறது.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் வார்னிஷைச் சிதைக்கும்; அதைத் தாண்டிப் போய் மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினையும் சிதைக்கும். ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பூச்சும் கூடவே நெகிழலைன்னா விரிசல்தான். தண்ணீர் முதலில் நுழைவது திருகு ஓட்டையிலும் பலகை இணைப்பிலும். அதனாலதான் படகு வார்னிஷில் எண்ணெய் அதிகம். இங்கே கடினத்தைவிட நெகிழ்வுக்குத்தான் மதிப்பு.

உரிஞ்ச பிறகு வந்தா, பழசை முழுக்கச் சுரண்டணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், தேக்கின் எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைக்கணும், அப்புறம் 6, 7 பூச்சு ஏத்தணும். உரியறதுக்கு முன்னாடியே வந்தா? லேசா தேய்ச்சு, 1 அல்லது 2 பூச்சு போதும்.

பழுதைச் சரி செய்தவருக்குக் கைதட்டுறோம். பழுதே வராம பார்த்துக்கிட்டவரை யாரும் கவனிக்கிறதில்லை. நாளைக்குப் பாலமோ பாய்லரோ உங்க பொறுப்புக்கு வரும்போது, அந்த இரண்டாவது ஆளா இருங்க.