திரைக்கதை எழுதும் பெண்கள்

தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியாயிற்று. அதன் கதாநாயகி, திருவையாற்றில் பிறந்து நாடக மேடையில் வளர்ந்த டி. பி. ராஜலட்சுமி. ஐந்தாண்டுகளுக்குள் அவர், தாம் எழுதிய ‘கமலவல்லி’ என்னும் புதினத்தைத் தாமே திரைக்கதையாக்கி, தயாரித்து, இயக்கி, நடித்து ‘மிஸ் கமலா’ (1936) என்னும் படமாக வெளியிட்டார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண்மணி அவரே. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. தமிழ்ப் பேசும்படத்திற்கு வயது ஐந்து.

எழுத்து, இயக்கம், முதலீடு ஆகிய மூன்றையும் ஒரு பெண்ணால் அன்றே ஏற்று நடத்த முடிந்தது. அங்ஙனமாயின், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் தமிழில் திரைக்கதை எழுதும் பெண்கள் மிகச் சிலராகவே இருப்பது ஏன்? திறமைக் குறைவு என்னும் விடை இங்குச் செல்லாது. 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கிய பானுமதியும் அவ்விடையை மறுத்தே நிற்கிறார். அமெரிக்காவிலும் மௌனப்படக் காலத்தில் கதை எழுதிய பெண்கள் பலர். பிரான்செஸ் மரியன் என்னும் பெண்மணி 1930ஆம் ஆண்டிலேயே எழுத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். பின்னர்ப் பெருமுதலீடு புகுந்தபோது அங்கும் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். பணம் பெருகும் தொழிலில் பெண்ணின் இருக்கையே முதலில் அகற்றப்படுகிறது என்பது என் கருத்து.

பெண்களின் கதைகளைத் திரையுலகம் வேண்டாமென்று ஒதுக்கிவிடவில்லை. வை. மு. கோதைநாயகியின் ‘அநாதைப் பெண்’ 1938இலும், அனுராதா ரமணனின் ‘சிறை’ 1984இலும் படங்களாயின. எனினும் அவற்றை இயக்கியவர்கள் ஆண்களே. கதையைப் பெண்ணிடம் பெறுவர். அக்கதையில் எக்காட்சி நிற்கும், எது நீங்கும், யார் எவ்வளவு பேசுவார் என்று முடிவு செய்யும் இடத்தில் அவளுக்கு இருக்கை இராது. படத்தின் உயிர் அந்த முடிவுகளில்தான் இருக்கிறது.

அவ்விடத்திற்குச் செல்லும் வழியும் குறுகலானது. தமிழ்த் திரையுலகில் உதவி இயக்குநராகச் சேர்ந்து, சொற்ப ஊதியத்தில், பல நேரங்களில் ஊதியமே இன்றி, ஆண்டுக்கணக்கில் உழைத்தே தொழில் கற்கின்றனர். கதை விவாதம் விடுதி அறைகளில் நள்ளிரவு வரை நீளும். அங்கு மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். குறை, அத்தகைய ஏற்பாட்டைத் தவிர வேறு வழியை அமைக்காத தொழிலினுடையது.

‘இரவுப் பணி பெண்களுக்கு ஒத்துவராது’ என்று கூறுவோர் கும்மிடிப்பூண்டிக்கு வந்து பார்க்கட்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களின் இரவுப் பணியைத் தடுத்திருந்தது. அத்தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நீக்கியது. நீக்கியதோடு நில்லாமல், போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை, குழுவாகப் பணியாற்றும் ஏற்பாடு முதலிய நிபந்தனைகளையும் விதித்தது. தொழிற்சாலைக்குப் பொருந்தும் இந்நெறி படப்பிடிப்புத் தளத்திற்குப் பொருந்தாதா? கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024இல் வெளியிடப்பட்டது. படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாததால், பெண்கள் தண்ணீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர் என்று அது கூறுகிறது. அது மலையாளத் திரையுலகைப் பற்றிய அறிக்கைதான். எனினும் தமிழ்த் திரையுலகம் தன்னையும் அதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘யார் எழுதினால் என்ன, படம் நன்றாக இருந்தால் போதாதா?’ என நீங்கள் கேட்கலாம். நியாயமான வினாவே. அமெரிக்க ஓவியர் அலிசன் பெக்டெல் 1985இல் வரைந்த சித்திரக்கதை ஒன்றில் எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு படத்தில் பெண்கள் இருவரேனும் இருக்கின்றனரா? அவர்கள் தமக்குள் பேசுகின்றனரா? அப்பேச்சு ஆணைப் பற்றியதாக அன்றி வேறொன்றைப் பற்றியதாக இருக்கிறதா? நீங்கள் அண்மையில் பார்த்த படத்தை இதில் வைத்துப் பாருங்கள். பூவிருந்தவல்லி, செம்பரம்பாக்கம் பகுதியில் பெரிய படப்பிடிப்பு அரங்குகள் உள்ளன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிற்கு நாள்தோறும் வேனில் செல்லும் பெண்கள், ஷிப்டு மாற்றம், மேற்பார்வையாளரின் கடுஞ்சொல், தவணைப் பணம், பிள்ளையின் படிப்பு என எத்தனையோ பேசுகின்றனர். அந்த வேனுக்குள் கேமரா புகுந்த தமிழ்ப்படம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நாம் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பெண் எழுதினால் காட்சி எவ்வாறு மாறும் என்பதற்குச் ‘சூரரைப் போற்று’ (2020) சான்று. சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதைச் சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும் அதற்காகப் பகிர்ந்துகொண்டனர். வானூர்தி நிறுவனம் தொடங்கும் ஆணின் கதைதான் அது. ஆயினும் பொம்மி வெறும் துணைவியாக நிற்பதில்லை. அடுமனை நடத்திச் சம்பாதிக்கிறாள், தன் நிபந்தனைகளைத் திருமணத்திற்கு முன்பே பேசுகிறாள். மனைவியின் வருவாயிலிருந்து பணம் கேட்கக் கணவன் கூசும் இடம் அப்படத்தின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஆண் அதை எழுதியிருக்க முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. இதுவரை எழுதியவர் அரிது.

சென்னைத் தரமணியில் தமிழ்நாடு அரசு நடத்தும் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில், இயக்கமும் திரைக்கதை எழுத்தும் நான்காண்டுப் பட்டப்படிப்பாக உள்ளன. மேல்நிலைக் கல்வி முடித்தோர் விண்ணப்பிக்கலாம். மாணவியர் அங்குப் பயிலலாம், பட்டமும் பெறலாம். பட்டத்துடன் வெளிவரும் பெண்ணிடம், படநிறுவன அலுவலகத்தில் கேட்கப்படும் முதல் வினா அவள் எழுதிய கதையைப் பற்றியதாக இருக்குமா, இரவில் வீட்டில் விடுவார்களா என்பதாக இருக்குமா என்பதே இனித் திரையுலகம் விடையிறுக்க வேண்டியது.