பொறுப்பேற்காத வக்கீல்

நீதிமன்றத்தில் நமக்காக வாதாடுபவரை ‘வக்கீல்’ என்கிறோம். நிக்காஹ் மஜ்லிஸில் மணமகளின் சம்மதத்தைக் கேட்டு வருபவரும் வக்கீலே. தமிழில் நிலைபெற்றுவிட்ட இச்சொல்லின் தாயகம் அரபுமொழி. ஒருவர் நம்பி ஒப்படைக்கும் காரியத்தை ஏற்று நிறைவேற்றுபவரே ‘வகீல்’. இன்று அரபு நூலோர் இச்சொல்லை ஒரு கணிப்பொறி நிரலுக்கும் சூட்டியிருக்கின்றனர். ஆங்கிலத்தார் ‘ஏஜென்ட்’ என்பதும் அதனையே. ஒவ்வோர் அடிக்கும் மனிதனின் ஆணைக்குக் காத்திராமல், கொடுத்த இலக்கை நோக்கித் தானே வழி தேர்ந்து செயற்படும் மென்பொருள் அது.

நான் அக்கருவியின் பகைவன் அல்லன். வெள்ளம் எத்திசையில் பரவும், நெரிசல் எச்சாலையில் மிகும் என்று கணிப்பொறிக்குள் ஒத்திகை பார்ப்பது நன்மையே. ஒத்திகை பிழைத்தால் திருத்தி மீண்டும் நடத்தலாம். மனிதரின் உரிமை பற்றிய முடிவு அத்தகையதன்று. அங்கே பிழை நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் சென்று முறையிடுவார்? என் வழக்கு இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே.

கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். 2022ஆம் ஆண்டு பாட்டியை இழந்த ஒருவர், ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் துக்கப் பயணச் சலுகை குறித்து விசாரித்தார். முதலில் பயணச்சீட்டு வாங்கிவிட்டு 90 நாட்களுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது, அங்கு பதிலுரைக்கும் மென்பொருள். அதை நம்பிப் பயணம் செய்தவருக்கு நிறுவனம் சலுகையை மறுத்தது. வழக்கு வந்தபோது, அம்மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட ஆள் என்ற பொருள்பட வாதிட்டது! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதனைத் தள்ளிவிட்டு, இழப்பீடு வழங்குமாறு நிறுவனத்துக்கே உத்தரவிட்டது.

அங்கே போனது சில நூறு டாலர். ஆஸ்திரேலிய அரசோ, 2015இல் தொடங்கிய திட்டமொன்றில், உதவித்தொகை பெற்றோரின் ஆண்டு வருமானத்தை இருவாரச் சராசரிகளாகக் கணிப்பொறியால் பங்கிட்டு, இலட்சக்கணக்கில் கடன் அறிவிப்புகளை அனுப்பியது. கடன்படவில்லை என்று காட்டும் சுமை எளியவர் தலையில் விழுந்தது. 2020இல் சுமார் 72 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தர அரசு இசைந்தது. 2023இல் விசாரணை ஆணையம் அத்திட்டத்தை வன்மையாகக் கண்டித்தது. சராசரி போடுமாறு பணித்தவர்கள் மனிதர்களே. கணிப்பொறி அவர்களுக்குத் திரையாயிற்று.

‘மனிதன் மட்டும் தவறிழைப்பதில்லையா? எந்திரம் அவனைவிடக் குறைவாகவே தவறும்’ என்பர் சிலர். இருக்கட்டும். தவறிய மனிதனை நிறுத்திக் கேட்கலாம். காரணம் சொல்ல வைக்கலாம். ஈடு கட்டச் செய்யலாம். ஃபிக்ஹு நூல்கள் வகீலுக்கு விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று அறிவுத்தெளிவு. அவர் அமானிதம் காப்பவர். வரம்பு மீறினாலோ அசட்டையாயிருந்தாலோ இழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். நிரலுக்கு மனச்சான்று ஏது? ஈடு கட்ட உடைமை ஏது? கத்தி பட்ட காயத்துக்குக் கத்தியைப் பிடித்த கையைத்தானே கேட்கிறோம்!

ஆகவே அன்பர்களே! வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ ‘கணிப்பொறி மறுத்துவிட்டது’ என்று சொன்னால் தலைகுனிந்து திரும்பிவிடாதீர்கள். மறுத்த அதிகாரி யார், காரணம் யாது என்று எழுத்தில் கேளுங்கள். நம் பிள்ளைகளுள் பலர் இன்று இத்தகைய மென்பொருள்களை ஆக்கும் தொழிலில் இருக்கின்றனர். அவற்றின் ஒவ்வொரு முடிவின் கீழும் பொறுப்பேற்கும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டுமென்று அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.