உருளையின் பல்லும் நமது ஆராய்ச்சியும்



குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் பாதையில் இருக்கிறது ஏலப்பாறை. அங்குள்ள தேயிலைச் சரிவுகளைக் கண்டு பச்சைக் கம்பளம் என்று வியந்து செல்வோர் பலர். அந்தப் பச்சையைக் கறுப்பாக்கி நம் கோப்பைக்கு அனுப்பும் இரும்பைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலர். தோட்டத்து லயத்திலே பிறந்து, இன்று பொறியியல் வகுப்பிலே அமர்ந்திருக்கும் என்போன்றோராவது அதை எண்ண வேண்டாமா?

தென்னகத்துத் தேயிலையில் பெரும்பகுதி சி.டி.சி. முறையில் ஆவது. நசுக்கு, கிழி, சுருட்டு என்பதே அம்மூன்று எழுத்துகளின் பொருள். வாட்டிய கொழுந்து, பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகளின் இடையே செல்கிறது. ஓர் உருளை நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்றுச் சுற்றினால், மற்றது ஏறத்தாழ 700 சுற்றுச் சுற்றும். இந்த வேக வேற்றுமைதான் இலையைக் கிழிக்கிறது. 1930-ஆம் ஆண்டில் அசாம் மாநிலத்து அம்குரித் தோட்டத்தில் வில்லியம் மெக்கர்ச்சர் என்பார் இதை ஆக்கினார். பெரிய ஆய்வுக்கூடத்திலே அன்று, தோட்டத்திலேயே பிறந்த பொறி இது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஓடி ஓடிப் பல் மழுங்குகிறது. மழுங்கிய பல் இலையை வெட்டாது; பிசையும். தூளின் தரம் தாழும். ஆகவே உருளையைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், மில்லிங் பொறியில் பள்ளம் வெட்டி, லேத்தில் சுற்றுவெட்டுப் போட்டு, மீண்டும் பல் தீட்டுகிறார்கள். தீட்டுந்தோறும் உருளை சிறுக்கிறது. ஒரு நாள் கழிவு இரும்பாகிறது. ஓட்டத்தில் தேய்ந்த துகளோ தேயிலையிலே கலக்கிறது. அதைப் பிடிக்கவே காந்தங்கள் வைக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலையில் இரும்புத்துகள் 150 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வரம்பு கட்டியது.

உறுதியான எஃகிலே பல்லை அமைத்துவிட்டாற் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்! உருளைக்கு ஆகும் துருப்பிடிக்காத எஃகு, வெட்ட வெட்ட வெட்டுமிடத்திலே இறுகும் இயல்புடையது. உருளையின் ஆயுளைக் கூட்டினால் வெட்டுளியின் ஆயுள் குறையும். பட்டறைச் செலவு ஏறும். இரண்டுக்கும் நடுவே சரியான இடம் எது? இதுவன்றோ ஆராய்ச்சி!

ஆனால் நம் துறைகளில் நடப்பதென்ன? விமானத்துக்கான டைட்டேனியத்தை வெட்டுவது பற்றி ஆய்வுரை எழுதுகிறோம். அதை நான் குறை கூறவில்லை, அதுவும் வேண்டும். ஆயினும், வெளிநாட்டான் போட்ட கணக்கை எண் மாற்றிப் போட்டுப் பட்டம் பெறுவதை ஆராய்ச்சி என்று கூறிக்கொள்வதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

“உருளை தீட்டுவது சிறு வேலை, அதில் அறிவியல் ஏது?” என்பார் உண்டு. அவர்களுக்கு டெய்லரை நினைவூட்டுகிறேன். உலோகம் வெட்டும் கலையை ஆராய அமெரிக்கரான அவர் செலவிட்ட காலம் 26 ஆண்டு. அவரும் துணைவரும் சீவித் தள்ளிய இரும்பும் எஃகும் 8 லட்சம் பவுண்டுக்கு மேல். வெட்டும் வேகத்துக்கும் உளியின் ஆயுளுக்கும் உள்ள உறவைச் சொல்லும் அவருடைய சூத்திரம் பட்டறைத் தரையிலே பிறந்தது. இன்றும் தேர்வுக்கு நாம் உருப்போடுவது அதைத்தான்.

2000-ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு வட்டத்திலே தோட்டங்கள் சில மூடப்பட்டன. விலை வீழ்ச்சி, கடன், நிருவாகம் எனக் காரணங்கள் பலவாம். உருளையைத் தீட்டியிருந்தால் தோட்டம் பிழைத்திருக்கும் என்று சொல்ல நான் பேதையல்லன். ஆனால் விலை இறங்கும் காலத்தில் தரமும் செலவும்தான் தொழிற்கூடத்தின் கையில் எஞ்சுபவை. அவற்றில் ஒரு பங்கு அந்தப் பல்லின் முனையிலே இருக்கிறது. தொழிற்கூடம் நின்றால் முதலில் அணைவது லயத்து அடுப்பு.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் மலையேறும் பொறியியல் மாணவர் இருவர் மூவர், இசைவு பெற்று, ஒரே ஓர் உருளையைத் தொடர்ந்து கவனிக்கட்டும். தீட்டிய நாள் முதல் எத்தனை மணி ஓடியது, காந்தத்தில் நாள்தோறும் எத்தனை கிராம் இரும்பு சேர்ந்தது, மறுமுறை தீட்டியதும் விட்டம் எவ்வளவு குறைந்தது என்று குறிக்கட்டும். நிறுவையும் அளவுகோலும் ஒரு நோட்டுப்புத்தகமும் போதும். உருளை தீட்டும் தொழிலாளரைக் கேளுங்கள். ஒலியைக் கொண்டே பல்லின் நிலையைச் சொல்லும் அவர் நமக்கு ஆசான். கண்டதை, அவரும் படிக்கத் தமிழிலே எழுதி இவ்விதழில் வெளியிடுவோம்.

கொழுந்து கிள்ளிய கைகள் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பின. நாம் கற்ற கல்வி ஒரு முறையேனும் அந்த மலைக்குத் திரும்பிப் போகட்டும்!