கணக்கு ஆப்பும் காலனித் தெருவும்

பொட்டிப்புரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நியூட்ரினோதான். அம்பரப்பர் மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பை அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் போகிறோம் என்றார்கள். 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதன் சரி, தவறை இன்னொரு நாள் பேசுவோம். அத்தனை வருடமும் இந்தப் பக்கத்து மக்கள் விடாமல் கேட்ட ஒரு கேள்வி மட்டும் எங்களுக்கு இன்றைக்குத் தேவைப்படுகிறது: எங்களைக் கேட்டீர்களா?

மலைக்குள் வரும் விஞ்ஞானத்தைக் கேட்ட அதே கேள்வியை, வகுப்பறைக்குள் வரும் விஞ்ஞானத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. கணக்குப் பாடத்துக்கென்று வந்து இறங்குகிற ஆப்கள், டேப்கள், ஸ்மார்ட் போர்டுகள் பற்றித்தான் பேசுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் இரவுப் பாடசாலைக்கு ஓர் அக்கா வந்தார். விடியற்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும்போது திரும்புகிறவர். செல்போனை நீட்டி, "இதுல எம்மகன் பேரு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார். பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பட்டியல் அது. ஏதோ ஓர் உபயதாரர் வாங்கிக் கொடுத்த கணக்கு ஆப், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, முதல் மூன்று பேருக்கு நட்சத்திரமும் கடைசியில் இருந்தவர்களுக்குச் சிவப்பு வண்ணமும் போட்டிருந்தது. அவர் மகன் பெயர் சிவப்பில் இருந்தது. சிவப்பில் இருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் காலனிப் பிள்ளைகள். அதைப் பார்த்த ஊர்த்தெருப் பெற்றோர் எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பட்டியலில் சாதி என்று ஒரு கட்டம் இல்லை, இருக்கவும் தேவையில்லை.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஆசிரியர் கெட்டவரும் இல்லை. "ஆப்பே அப்படித்தான் அனுப்புது, நான் ஷேர் மட்டும் பண்ணேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். எங்கள் ஆத்திரமும் அங்கேதான் தொடங்குகிறது.

"மெஷினுக்குச் சாதி தெரியாது" என்பதை எங்கள் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. விடைத்தாளைத் திருத்தும் கைக்குச் சாதி தெரியும். ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில்தான் நடந்தது. விடைத்தாள்களின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றிப் போட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்டவர் என்று எழுதிய தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இருந்தது. அப்படியிருக்க, ஆளைப் பார்க்காமல் 7 × 8 = 56 என்றால் சரி என்று சொல்லும் ஒரு கருவியை எங்கள் மக்கள் நம்பிக்கையோடு பார்ப்பதில் என்ன தப்பு? நாங்களும் அப்படித்தான் பார்த்தோம்.

ஆனால் கருவி விடையைத் திருத்துவதோடு நிற்பதில்லை. வரிசைப்படுத்துகிறது, அறிவிக்கிறது, அனுப்புகிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பையன்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்ன ஆய்வு 2006இல் வெளிவந்தது. சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒன்றுபோலச் செய்தார்கள். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியைச் சேர்த்து வாசித்தபோது தலித் பையன்களின் எண்ணிக்கை கணிசமாக இறங்கியது. அதே பையன்கள், அதே புதிர். அந்த அக்காவின் மகன் மறுநாளிலிருந்து ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றான்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும், மாணவர்களைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. காகிதப் பதிவேட்டுக்குச் சொன்னது சரி. திரையில் ஓடும் பதிவேட்டுக்கு யார் சொல்வது?

அடுத்தது, கருவி யார் கையில் இருக்கிறது என்பது. 2024இல் தமிழக அரசு ஏறத்தாழ 80,000 தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினியும், 22,931 வகுப்பறைகளுக்கு ஸ்மார்ட் போர்டும் என்று திட்டம் போட்டது. வரவேற்கிறோம், கிண்டலாகச் சொல்லவில்லை. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் ஒரு வகுப்புக்கு ஒரு போர்டு என்றால், அதைத் தொடப் போவது யார்? நாங்கள் பார்த்த ஒரு வகுப்பில், "நல்லாப் படிக்கிற பிள்ளைங்க" நான்கு பேர் மாறி மாறி எழுந்து போனார்கள். எங்கள் பையன் ஒருவனுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். திரையின் தூசியைத் துடைக்கும் வேலை. துடைக்க மட்டும் தொடலாம் என்ற கணக்கு எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே எங்களுக்கு மனப்பாடம்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தையும் இங்கே பேசித்தான் ஆக வேண்டும். 2022 ஜூனில் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பிழையில்லாமல் வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், 2025க்குள் இதை எட்ட வேண்டும் என்ற நோக்கம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து எங்கள் பிள்ளைகள் எண்களையே மறந்திருந்த நேரத்தில் அது தேவையானது. பாட்டு, ஆட்டம், கைப்பொருள் என்று வகுப்பை உயிரோடு வைத்த ஆசிரியர்களை நாங்கள் அறிவோம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததிலும் கற்பித்தல் நியாயம் உண்டு. ஆனால் மதிப்பீட்டை ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று வந்தபோது ஆசிரியர் சங்கங்கள் போட்ட கூச்சலைச் சோம்பேறித்தனம் என்று பலர் எழுதினார்கள். நாங்கள் அப்படி எழுத மாட்டோம். சிக்னல் கிடைக்காத பள்ளியில் ஆசிரியர் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் அலைந்த நேரம், பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய நேரம். அந்த ஆப் யாருக்குப் பயன்பட்டது? சென்னையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தவருக்கு. அது மேற்பார்வைக் கருவி. அதைக் கற்பித்தல் கருவி என்று எங்களிடம் விற்காதீர்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஓர் உதாரணம் போதும். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து, பள்ளி முடிந்த பிறகு நடந்த மையங்களைப் பற்றி முரளிதரன், சிங், கனிமியான் மூவரும் 2019இல் எழுதினார்கள். நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம். காரணம் கார்ட்டூனோ நட்சத்திரமோ இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள்; அந்த மென்பொருள் ஆறாம் வகுப்புப் பாடத்தைத் திணிக்காமல், பிள்ளை எங்கே தடுக்கி விழுந்ததோ அங்கிருந்து தொடங்கியது. பக்கத்தில் சின்னக் குழுவாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் இருந்தார். பிள்ளை மூன்றாம் வகுப்பில் நிற்கிறது என்பது பிள்ளைக்கும் அந்த ஆளுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் இரவுப் பாடசாலையில் பழைய லேப்டாப் இரண்டு, பட்டன் உடைந்த புரொஜெக்டர் ஒன்று. பெற்றோர் போனை நம்பி எதையும் திட்டமிட முடியாது. பகலில் அது தோட்டத்தில் இருக்கும், ராத்திரி சார்ஜ் இருக்காது, மாசக் கடைசியில் ரீசார்ஜ் இருக்காது. அதனால் நெட் இல்லாமல் ஓடாத எதையும் நாங்கள் எடுப்பதில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்முறைகளை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்; பரப்பளவு, பின்னம் எல்லாம் பிள்ளைகள் தள்ளி, இழுத்துப் பார்க்கலாம். சில தமிழிலும் உண்டு. பெயர் கேட்பதில்லை, பிறந்த தேதி கேட்பதில்லை, பிள்ளை பத்துத் தடவை தப்பாகப் போட்டாலும் யாருக்கும் சேதி போவதில்லை. பின்னத்துக்கு பீட்ஸாவை வெட்டிக் காட்டும் ஆப் ஒன்றும் வந்து சேர்ந்தது. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இது என்ன ஊத்தப்பமா?" என்றாள். எங்கள் பிள்ளைகள் பின்னத்தை முதலில் பார்ப்பது அம்மாவின் அரைநாள் கூலியில். அதை வைத்துக் கணக்குப் போட்டால் முக்காலும் காலும் தானாக வருகிறது. அதற்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.

ஜியோஜிப்ரா எங்களுக்குப் பிடித்த இன்னொரு கருவி. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் அதன் இணைப்புதான் இருக்கிறது. ஆஸ்திரியாவில் ஒரு மாணவர் தன் ஆய்வுப் படிப்புக்காகத் தொடங்கி, உலகமெங்கும் ஆசிரியர்கள் இலவசமாகப் பயன்படுத்தி வளர்ந்தது. 2021 டிசம்பரில் அதை பைஜூஸ் வாங்கியது. 2022 டிசம்பரில் அதே பைஜூஸின் தலைவரைப் பெற்றோரிடம் பாடங்களை விற்ற முறைக்காகத் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் விளக்கம் கேட்டு அழைத்தது. 2024 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஜியோஜிப்ரா இன்னும் இலவசமாக ஓடுகிறது, நாங்களும் விடவில்லை. ஆனால் நம் பாடப்புத்தகத்தில் அச்சடித்த ஒரு கருவி கைமாறியபோது நமக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? மலைக்கு அந்தப் பக்கம் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். கேரளம் 2001இல் ஐடி@ஸ்கூல் தொடங்கி, கட்டற்ற மென்பொருளில் பள்ளிகளுக்கென்று ஒரு தொகுப்பையே தயாரித்து, அதில் ஜியோஜிப்ராவையும் வைத்து, ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தது. நிறுவனம் மூடினாலும் கணினியில் இருப்பது இருக்கும். எங்கள் அம்மாக்கள் தினமும் அந்த மலையைத் தாண்டிப் போய் வருகிறார்கள். நம் அதிகாரிகள் ஒரு தடவை தாண்டினால் போதும்.

இதையெல்லாம் சொன்னால், "எந்த ஆப் நல்லது என்று ஒரு பட்டியல் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கொடுக்க மாட்டோம். எங்கள் பட்டியலும் மேலிருந்து வரும் இன்னொரு பட்டியலாகிவிடும். தேர்வு செய்ய வேண்டியவர்கள் யார் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ற இடம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. அதில் எங்கள் அக்காமார் இருக்கிறார்கள். கூட்டம் பகலில் நடக்கிறது, அவர்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள், கையெழுத்து மறுநாள் வீடு தேடி வருகிறது. டேபும் ஆப்பும் அந்தக் கையெழுத்தின் கீழேதான் நுழைகின்றன.

அடுத்த கூட்டத்தை ஜீப் திரும்பிய பிறகு வைக்கச் சொல்லி, காலனியிலிருந்து குழுவில் இருக்கும் அம்மாக்கள் தலைமை ஆசிரியருக்கு மனு எழுதியிருக்கிறார்கள். எழுத உதவினோம், அவ்வளவுதான், கேள்விகள் அவர்களுடையவை. நெட் இல்லாமல் ஓடுமா? தமிழில் பேசுமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் எத்தனை நிமிடம் கையில் கிடைக்கும், அதை யார் குறித்து வைப்பார்கள்? பிள்ளையின் விவரம் எங்கே போகிறது, எப்போது அழிக்கப்படும்? உபயதாரர் போன பிறகு பணம் யார் கட்டுவது? சிவப்புப் பட்டியல் போட்ட அந்த அக்காவின் கேள்வி கடைசியில் இருக்கிறது, அவர் சொன்னபடியே எழுதச் சொன்னார்: "எம்மகனுக்குக் கணக்கு வரலைன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க. ஊருக்கு எதுக்குச் சொல்றீங்க?"

தலைமை ஆசிரியர் மனுவை வாங்கிக்கொண்டார். தேதி இன்னும் சொல்லவில்லை.