நோய் தீர்க்குமா தியானம்?

சில மாதங்களுக்கு முன் காரைக்குடியை அடுத்த கோவிலூருக்குப் போயிருந்தேன். கொற்றவாளீசுவரர் கோயிலும், முத்துராமலிங்க ஞானதேசிகர் நிறுவிய வேதாந்த மடமும் உள்ள ஊர். வடமொழி அறியாதவரும் வேதாந்தம் கற்கலாம் என்று, தமிழ் நூல்களைக் கொண்டே தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லிய மடம் அது.

கோயிலில் ஓர் ஆச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். தியானம் பண்ணினா மார்ல இருக்கிற கட்டி கரைஞ்சுடுமா?"

கரையும் என்று எவரோ சொல்லியிருக்கிறார். அதை நம்பி எட்டு மாதமாகக் காலையும் மாலையும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் ஆச்சி. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

கரையாது. இதைச் சொல்வதற்குத் தயங்கவே கூடாது.

தியானத்தின் உச்சியை எட்டியவர் என்று உலகமே போற்றியவர் ரமண மகரிஷி. அவருடைய இடது கையில் ஒரு கட்டி கண்டது. புற்று என்றார்கள் டாக்டர்கள். நாலு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. ரேடியம் சிகிச்சையும் நடந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் உடல் நீங்கினார். கட்டி கரையவில்லை என்பதால் அவருடைய ஞானம் குறைந்துவிட்டதா? உடம்புக்கு வந்தது உடம்பைத் தொடும் என்பதுதானே வேதாந்தத்தின் பாடம்! பிராரப்தம் ஞானியின் உடலையும் விடாது என்று 'கைவல்ய நவநீதம்' படித்தவர்கள் அறிவார்கள். தியானத்தை மருந்துக் கடைச் சரக்காக விற்பவர்கள்தாம் அதை அறியாதவர்கள்.

அப்படியானால் தியானம் வீணா? இல்லை. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் என்பவர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தீராத வலியுள்ளவர்களுக்குத் தியானப் பயிற்சியைத் தொடங்கினார். நோயாளிகளின் கலக்கமும் சோர்வும் தணிய அது உதவுகிறது என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. கட்டி வேறு, கட்டியைப் பற்றிய அச்சம் வேறு. இரண்டாவதற்குத் தியானம் துணை செய்யும்.

மேல்நாட்டில் இப்போது இன்னொரு பேச்சும் பலமாக அடிபடுகிறது. மெக்ஸிகோ பழங்குடியினர் சடங்குகளில் உண்ட ஒரு வகைக் காளானிலிருந்து 'சைலோசைபின்' என்ற பொருளை ஸ்விஸ் ரசாயன நிபுணர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-இல் பிரித்தெடுத்தார். மனத்தை எங்கோ கொண்டுபோகும் பொருள். அறுபதுகளில் இத்தகைய பொருள்கள் தெருவுக்கு வந்து சீரழிந்தன. சட்டம் கதவை மூடியது. பல ஆண்டுகள் கழித்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அதைப் புற்றுநோயாளிகள் 51 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் பயமும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்திருந்தன. நியூயார்க்கில் 29 பேரிடம் நடந்த சோதனையும் அவ்வாறே சொல்லிற்று. வியப்புத்தான். ஆனால் அங்கும் குறைந்தது பயம், புற்று அல்ல.

அதையும் அவர்கள் எப்படிக் கொடுத்தார்கள்? பல நாள் பேசிப் பழகி, அமைதியான அறையில் படுக்கவைத்து, பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்காகப் பக்கத்திலிருந்து கொடுத்தார்கள். சித்தப்பிரமை குடும்பத்தில் இருந்தால் சேர்க்கவே இல்லை. நம் கொடைக்கானலில் நடப்பது என்ன? 'போதைக் காளான்' என்று இளைஞர்கள் தேடி அலைகிறார்கள். விற்பவனுக்கும் தெரியாது, தின்பவனுக்கும் தெரியாது, எது விஷக்காளான் என்று! சைலோசைபினை 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் தடை செய்திருக்கிறது. இங்கே அதை வீட்டு வைத்தியமாக எவராவது சொன்னால், அவரிடமிருந்து விலகி நடப்பதே நலம்.

நமக்கு இன்று வேண்டியது காளான் அல்ல. புற்றுநோய் வலிக்கு மார்பின் என்ற மருந்து இருக்கிறது. அது நோயாளிக்கு எளிதில் கிடைக்கட்டும் என்று 2014-இலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிக்கும் சிகிச்சையும் 2021 முதல் வீடு தேடி வருகிறது. அதோடு நோயாளியின் பயத்தைக் கேட்க ஓர் ஆள் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாததால்தானே, கேட்பதற்குக் காது தேடி நோயாளிகள் கண்டவரிடமும் போகிறார்கள்!

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு அவர் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இதை ஆச்சியிடம் சொன்னேன். பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவர் மகன் டெலிபோனில் கூப்பிட்டார். மதுரையில் கட்டியை எடுத்துவிட்டார்களாம். மேற்கொண்டு சிகிச்சை நடக்கிறதாம். "அம்மா தியானத்தை விட்டுவிட்டார்களா?" என்று கேட்டேன்.

"எங்கே விடுகிறார்கள்! ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் அரை மணி முந்தி உட்கார்ந்து, ஆறரை மணிப் பஸ்ஸுக்குள் முடித்துவிடுகிறார்கள்" என்றார்.