யாரைக் கேட்டு மணியடிக்கிறார்கள்?

வரிச்சிக்குடி வயலில் நாற்றுக் கட்டுடன் குனிந்து நிற்கும் பெண்ணின் மடியில் டெலிபோன் மணி அடிக்கிறது. வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியோ, பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியாரோ என்று சேற்றுக் கையைக் கழுவிவிட்டுக் கரையேறி எடுத்தால், "உங்களுக்கு ஐந்து லட்சம் கடன் தயார்" என்கிறது ஒரு குரல். இரவு ஷிப்டு முடிந்து பகலில் கண்ணயரும் ஆலைத் தொழிலாளியை எழுப்பி, மனைக்கட்டு வேண்டுமா என்று கேட்கிறது இன்னொரு குரல். காரைக்காலில் மட்டுமல்ல, தேசம் முழுவதும் இதே கதைதான்.

இது அற்ப விஷயம், போனை வைத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு அற்பமாக இருக்கலாம். தினக்கூலிக்காரனுக்கு அப்படியல்ல. தெரியாத நம்பரை எடுக்காமல் விட்டால் ஒரு நாள் வேலை கை நழுவலாம். எடுத்தால் ஓய்வு போகிறது. கூலி பாங்கியில் விழுந்த செய்தி ஐம்பது விளம்பரச் செய்திகளுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. இந்தக் கூவலை நம்பிக் கடன் வாங்கியவர் அடுத்த மாதம் வேறொரு குரலைக் கேட்கிறார். அது வசூல்காரனின் குரல்!

நமது நம்பர் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? ஜவுளிக் கடை பில்லில் நம்பர் எழுதச் சொல்கிறார்கள். கடன் மனுவில் எழுதச் சொல்கிறார்கள். கைப்போனில் ஒரு செயலியை ஏற்றினால், நம் சொந்தக்காரர்களின் நம்பர்களையும் சேர்த்துக் கேட்கிறது. அப்படித் திரட்டியது கை மாறுகிறது, விலை போகிறது. நெல்லுக்காவது விளைவித்தவன் கையில் கொஞ்சம் காசு வரும். இந்தச் சரக்கில் சொந்தக்காரனுக்குத் தொந்தரவு ஒன்றே மிச்சம்.

சட்டம் இல்லையா? ஏராளமாக இருக்கிறது. 2005லேயே இந்தப் பிரச்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் பொதுநல வழக்காகப் போயிற்று. 2007ல் வேண்டாதவர்கள் பெயரைப் பதியும் பட்டியல் வந்தது. 2010ல் டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் புது விதிகள் செய்தது. இரவு 9 முதல் காலை 9 வரை விளம்பர அழைப்பே கூடாது என்றது. 2018ல் அவற்றை மாற்றி எழுதியது. 2025 பிப்ரவரியில் மறுபடி திருத்தியது. இத்தனைக்குப் பிறகும் மணி நிற்கவில்லை. ஏன்?

காரணம் எளிது. அழைப்பை ஏற்றிச் செல்லும் டெலிபோன் கம்பெனிகளிடமே புகாரை விசாரிக்கும் பொறுப்பும் தரப்பட்டிருக்கிறது. மொத்தமாக அனுப்பப்படும் விளம்பரச் செய்திகளால் அவர்களுக்கு வருமானம். வரும்படி பார்ப்பவனே காவல்காரனும் ஆனால் காவல் எப்படி இருக்கும்? 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. ரீசார்ஜுக்குக் கூலியிலிருந்து பணம் கட்டுவது நாம். அந்தப் போனில் கடை விரிப்பது வேறொருவர்!

தண்டனையைப் பாருங்கள். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர இடமளித்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்கிறது. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவிலேயே, 1991ல் வந்த சட்டப்படி, விதியை மீறிய அழைப்பு ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் கேட்டு ஒரு சாதாரணப் பிரஜை வழக்குப் போடலாம். நம் நாட்டுத் தொழிலாளியின் ஓய்வுக்கு மட்டும் விலை கிடையாதா?

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பக்கம் பேசுகிற பையனும் பெண்ணும் நம் எதிரிகள் அல்ல. நாளைக்கு இத்தனை அழைப்பு, இத்தனை ஆள் பிடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து விரட்டப்படும் கூலிகள்தான் அவர்களும். அவர்களை ஏசுவதில் பயனில்லை. அவர்களை ஏவுகிறவர்களைப் பிடிக்க வேண்டும்.

பிடிக்க வழி இருக்கிறது. 1909 என்ற நம்பரைக் கூப்பிட்டு, விளம்பரம் எதுவும் வேண்டாம் என்று பதியலாம், காசு கிடையாது. விளம்பர அழைப்பு 140ல் தொடங்கும் நம்பரிலிருந்துதான் வர வேண்டும். பாங்கியின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை. சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பரம் செய்வது விதி மீறல். முன்பே பதியாதவரும் இதன் மேல் புகார் செய்யலாம். ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும். ஐந்து நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். கடன் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930ஐக் கூப்பிட வேண்டும்.

தனி ஆள் புகாரைக் கம்பெனி தட்டிக் கழிக்கும். ஆகவே சங்கக் கட்டிடத்தில் ஒரு நோட்டு வையுங்கள். அழைத்த நம்பர், தேதி, நேரம், சொன்ன விஷயம் நான்கையும் குறியுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் படித்த வாலிபர்கள் எழுதிக் கொடுக்கட்டும். ஒரே நம்பர் மேல் பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே விதி கடிக்கத் தொடங்கும். தெருவுக்கு ஒருவர் முன்வந்தால் போதும்.

சர்க்காரை நாம் கேட்பது இவை:

1. புகார் விசாரணையைக் கம்பெனிகளிடமிருந்து எடுத்துச் சுதந்திரமான அமைப்பிடம் கொடு.

2. அபராதத்தில் ஒரு பங்கைத் தொந்தரவுக்கு ஆளானவருக்கு நஷ்டஈடாக வழங்கு.

3. "வேண்டாம்" என்று நாம் பதியும் முறையை ஒழித்து, "வேண்டும்" என்று கேட்டவரை மட்டும் அழைக்கும் முறையைக் கொண்டு வா.

4. நம்பர்களை விற்பவர்கள் மீதும் வாங்குபவர்கள் மீதும் கிரிமினல் வழக்குத் தொடு.

வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைபவனை ஊர் சும்மா விடுவதில்லை. போனும் நம் வீட்டுக் கதவுதான். அதைத் திறப்பதும் மூடுவதும் நம் உரிமை. அந்த உரிமையை ஒன்றுபட்டுக் கேட்போம், பெறுவோம்.