மினுங்கும் பிறையும் சீ.ஆர். கொப்பி மட்டையும்



பதிவு கொஞ்சம் நீளம். ஆசிரியர்களும் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் உம்மா வாப்பாமாரும் ஆறுதலாக வாசியுங்கள். திட்டுவதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் தரம் 4, 5 பிள்ளைகளுக்கு வாழ்த்து மடல் போட்டி ஒன்று வைத்தோம். "கையால் செய்ததாக இருக்க வேண்டும்" என்பதுதான் ஒரே நிபந்தனை. வீட்டில் செய்துகொண்டு வரச் சொன்னோம். நடுவர்கள் நாங்கள் மூன்று ஆசிரியர்கள்.

மடல்களை மேசையில் பரப்பியதுமே ஒன்று கண்ணைப் பறித்தது. கறுப்பு பிரிஸ்டல் போட், ஓரத்தில் தங்க நிற லேஸ், நடுவில் மினுங்கும் மூன்று பிறைகள், அவற்றின் கீழே தொங்கும் ஒரு லாந்தர். பிறையும் லாந்தரும் தாளிலிருந்து தடிப்பாக எழுந்து நின்றன. பசை எங்கும் வழியவில்லை. பத்து நிமிடத்தில் முதலாம் இடத்தை முடிவு செய்துவிட்டோம். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவிலும் படம் போட்டாயிற்று.

மடல்களைச் சுவரில் ஒட்டும்போதுதான் கவனித்தோம். அதே லாந்தர் ஏழு மடல்களில் இருந்தது. அதே அளவு, அதே மினுமினுப்பு, கொக்கி வளைந்த பக்கமும் ஒன்றே. ஒன்றின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தோம். மெல்லிய கபில நிறக் கோடு. லேசரில் வெட்டிய மட்டையின் ஓரம் அப்படித்தான் கருகி இருக்கும், மூக்கருகே பிடித்தால் இலேசான புகை வாசமும் வரும். டவுனில் ஃபேன்சி கடைகளில் பக்கெட்டாக விற்கிறார்கள். பிறை, நட்சத்திரம், பள்ளிவாசல் குவிமாடம், லாந்தர், வண்ணத்துப்பூச்சி எல்லாம் வெட்டி, நிறம் பூசி, மினுக்கம் தூவி வருகின்றன. பசை வைத்து ஒட்டுவது மட்டும்தான் பாக்கி.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் சிப்போட். நம்மூரில் சிப்போட் என்றால் அலுமாரி செய்யும் பலகைதான் நினைவுக்கு வரும். அது மரத்தூள் பலகை. கைவினைக்காரர் சொல்லும் சிப்போட் வேறு. பழைய கடதாசியைக் கூழாக்கி அழுத்திச் செய்யும் சாம்பல் நிற மட்டை அது. உங்கள் வீட்டில் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்று இருந்தால் அதன் அட்டையைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே அதேதான் இருக்கும். அதாவது கடைக்காரர் பக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளின் தாய் நம் வீட்டுக் குப்பையில் கிடக்கிறது.

இது எங்களுக்குத் தெரிய வந்ததே ஒரு பிள்ளையின் மடலால்தான். முதல் சுற்றிலேயே அதை நாங்கள் ஒதுக்கிவிட்டோம். "சுத்தம் போதாது" என்று பென்சிலால் எழுதியும் வைத்தோம். சீ.ஆர். கொப்பி அட்டையில் வெட்டிய பிறை, எலி கடித்தது மாதிரி ஓரம். பிறையின் மேல் மருதமுனைக் கைத்தறிச் சாரன் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தாள். வானத்துக்கு, வெள்ளைத் தாளைப் பிளேன்டீயில் நனைத்துக் காயவைத்த பழுப்பு நிறம். ஒரு மூலையில் பசை திட்டாக நின்றது.

சுவரில் ஒட்டும்போது தற்செயலாக அந்த மடல் விரிந்தது. காலில் வலி குறைந்திருந்தால் இந்தப் பெருநாளைக்காவது எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று உம்மம்மாவுக்கு எழுதியிருந்தாள். நாலு வரிதான். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று ஒரு மடலையாவது நாங்கள் திறந்து வாசிக்கவில்லை. வாழ்த்து மடல் போட்டிக்கு நடுவர்களாக இருந்தோம், வாழ்த்தை வாசிக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது. அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்தார். விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். சண்டைக்கு வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "டீச்சர், அந்த மினுங்குற பிறை எந்தக் கடையில விக்கிறாங்க? அடுத்த முறை புள்ளைக்கி வாங்கிக் குடுக்கணும்."

கடையின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே நின்றோம். தன் பிள்ளை செய்தது பிழை, வாங்கியிருக்க வேண்டும் என்று அந்த உம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது கடைக்காரர் அல்ல, நாங்கள்.

அந்தப் பக்கெட்டின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்தே வாழ்த்து மடலும் பரிசுப் பெட்டியும் செய்து முகநூலில் விற்கிறார்கள். ஒரு நாளில் பத்து மடல் முடிக்க வேண்டியவர் பிறையைத் தானே வெட்டிக்கொண்டிருக்க முடியாது. அது தொழில், அதற்கு அந்த வடிவங்கள் நல்ல உதவி. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். நாங்கள் பேசுவது புள்ளி போடும் இடத்தைப் பற்றி.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது சித்திரப் பாட ஆசிரியர் ஒருவர் மறுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆயத்தமான பொருளை ஒட்டுவதும் கலைதான், 1912இல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணித் துண்டு ஒன்றை அப்படியே ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டிச் சட்டம் போட்டார், அதை யாரும் பிழை என்று சொல்லவில்லையே என்றார். எது எங்கே இருக்க வேண்டும் என்று தெரிவு செய்வதையும் பிள்ளை படிக்கத்தானே வேண்டும் என்றும் கேட்டார்.

சரிதான். ஆனால் பிக்காசோ ஒட்டியது மலிவான வீட்டுத் துணி. ஓவியத்துக்குள் அது போனபோது வேறொன்றாக மாறியது. எங்கள் ஏழு லாந்தர்களும் கடையில் எப்படி இருந்தனவோ அப்படியே சுவரிலும் இருந்தன. வாங்கிய பிறையைப் பிள்ளை பாதியாக வெட்டட்டும், மேலே துணி ஒட்டட்டும், நிறத்தைச் சுரண்டட்டும், அதற்குப் புள்ளி கொடுப்போம். ஒட்டிய சுத்தத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் பணத்துக்குத்தான் கொடுக்கிறோம்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும் எந்த ஒப்படையும் உம்மாவுக்கு அனுப்பும் ஒப்படைதான். இரவு பதினொரு மணிக்குக் கட்டரோடு உட்கார்ந்திருப்பவர் யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நாங்களும் வீட்டில் உம்மா வாப்பாமார்தானே, நாங்களும் செய்து கொடுத்திருக்கிறோம்.

ஆகவே இந்தத் தவணையில் போட்டி இல்லாமல், வகுப்பிலேயே இரண்டு பாடவேளை எடுத்துச் செய்து பார்த்தோம். பொருள் எல்லாம் பொதுக் குவியல். பழைய சீ.ஆர். அட்டை, தையற்காரரிடம் வாங்கிய துணித் துண்டு, பழைய கலண்டர், பெருநாளைக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் மிச்சம் வைத்த வெள்ளை எமல்ஷன் அரை வாளி. யாரும் எதையும் காசு கொடுத்து வாங்கி வரக்கூடாது என்றோம்.

முதல் நாள் நன்றாகவே சொதப்பினோம். சீ.ஆர். அட்டை சின்னக் கத்தரிக்கோலுக்கு அசையவில்லை. பிள்ளைகளின் கையில் கட்டர் கொடுக்கவும் முடியாது. பிறகு, பிள்ளைகள் வரைந்து தந்ததை நாங்கள் வெட்டிக் கொடுத்தோம். தாங்களே வெட்ட ஆசைப்பட்டவர்களுக்குப் பிஸ்கட் பெட்டி மட்டையைக் கொடுத்து, மூன்று துண்டை ஒரே அளவில் வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டச் சொன்னோம். அதே தடிப்பு வந்துவிடுகிறது. சாம்பல் மட்டை நிறத்தைக் குடித்துவிடும், அதனால் முதலில் வெள்ளை எமல்ஷன் ஒரு பூச்சு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது அப்பளம் போல் வளைந்துவிடும். இரண்டு பக்கமும் பூசி, காய்ந்த பிறகு பாடநூல் அடுக்கின் கீழே வைத்தால் நேராகும். பைண்டர் கம்மில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, கசக்கிய டிஷ்யூவை அதன்மேல் ஒட்டினால் சொரசொரப்பான நிலவு. அது ஒரு பொடியன் தானாகக் கண்டுபிடித்தது, நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. வைக்கோலில் கடதாசி செய்த ஆலை வாழைச்சேனையில் இருந்த நாடும் இதுதான். வந்த மட்டையை இன்னொரு தடவை பாவிப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் புதுப் பாடமாக இருக்கத் தேவையில்லை.

புள்ளியிடும் தாளையும் மாற்றினோம். உள்ளே எழுதிய வாழ்த்துக்குப் பாதிப் புள்ளி. மீதியில், பிள்ளையிடம் "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டு, அது சொல்லும் பதிலுக்கும் ஒரு பங்கு. செய்த பிள்ளை கதை கதையாகச் சொல்லும், நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் வருகிறது. அன்றைக்கும் அதே பக்கெட் கடையில் தொங்கும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிட்டோம், கடையில் வாங்கிய எதுவும் எங்களுக்கு வேண்டாம், கொப்பித் தாளில் இரண்டு வரி போதும் என்று. மற்ற ஆசிரியர்களும் உங்கள் வகுப்பில் வாய்திறந்து சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் அழும், உம்மா கடன் வாங்குவார்.

அந்த இடியப்பக்கார உம்மாவை மறுபடி சந்தித்தோம். மகளின் மடலைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்து, இதை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றோம். அவர் மடலைத் திறந்து வாசித்தார். "உம்மம்மா பெருநாளைக்கி வந்தாங்க டீச்சர்" என்றார்.

அலுவலகத்தில், கடையில், வீட்டில் முடிந்துபோன சீ.ஆர். கொப்பிகள், பழைய ஃபைல் மட்டைகள் இருந்தால் எரிக்க வேண்டாம். இன்பொக்ஸில் சொல்லுங்கள், எங்களில் ஒருவர் வந்து எடுத்துக்கொள்வோம். மட்டை ஈரமில்லாமல் இருந்தால் போதும்.